முக்காலிக்குக் கீழே இருந்த நடுப்புள்ளி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். மழையில் நனைந்து பிடித்த சளியும் போய்விட்டது. நீ ஷிப்ட் மாறியதாக எழுதியிருந்தாயே, கால் வீக்கம் குறைந்ததா? ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போட்டு அப்பாவோடு பேசினேன். சமையல் கைவந்துவிட்டது என்கிறார். பாத்திரங்களைக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்குக் காரணம் உண்டு. “ஒரு மாசத்துல வேலை நிரந்தரமாகலைன்னா அப்பாகிட்டயே போயிடு. உன்னைத் தனியா விட்டது என் தப்பு” என்று எழுதியிருந்தாய். வெள்ளிக்கிழமையோடு அந்த மாதம் முடிந்தது. வியாழன்வரை அந்தக் கண்ணாடிப் பட்டறையில் எனக்கு நிரந்தரமாகியிருந்தது, ஸ்கேலும் கையுமாக இருப்பதால் வந்த ‘ஸ்கேலம்மா’ என்ற பட்டப்பெயர் மட்டும்தான். மாலை வகுப்பில் படிக்கும் வரைபடம் கண்ணாடி வெட்ட உதவாது என்பது மேஸ்திரியின் தீர்ப்பு.

வியாழனன்று ஒரு பள்ளிக்கூட வாசலின் வளைவு ஜன்னல் வந்திருந்தது. மரச்சட்டத்தின் மேல்விளிம்பு மட்டும் வளைவு, அரைவட்டம்கூடக் கிடையாது. கண்மதிப்பில் வெட்டி இரண்டு கண்ணாடி வீணாகிவிட்டது. மிச்சம் ஒன்றுதான். நான் வரைந்து தரட்டுமா என்று கேட்டேன். கேட்டது நான்தானா என்று எனக்கே சந்தேகம். “வட்டத்தையே காணோம், நடுவை எங்க தேடுவ?” என்றார் மேஸ்திரி. “ஸ்கேலம்மா மந்திரம் போட்டு வரவழைக்கும்” என்றார் கண்ணாடி வெட்டும் அண்ணன்.

சட்டத்தைத் தரையில் கிடத்தி, வளைவில் மூன்று புள்ளி வைத்தேன். அடுத்தடுத்த புள்ளிகளைக் கோட்டால் சேர்த்து, ஒவ்வொரு கோட்டின் சரிபாதியிலிருந்தும் செங்குத்தாகச் சாக்பீஸால் இழுத்தேன். இரண்டும் வெட்டும் இடம்தான் நடு. அங்கே ஆணி வைத்து, கயிறு கட்டிச் சுற்றிப் பார்த்தால் வளைவு ஒரு விரல் அளவு தப்பியது. எல்லோரும் சிரித்தார்கள். காது சுட்டது. ஆனால் தப்பு என்னவென்று தரையே சொல்லியது: மூன்று புள்ளியையும் ஒரு சாணுக்குள் நெருக்கி வைத்திருந்தேன். அங்கே மயிரிழை பிசகினால் நடு எங்கேயோ போய்விடும்.

அழித்துவிட்டு, இரு முனைகளில் இரண்டு, உச்சியில் ஒன்று என்று தள்ளித் தள்ளி வைத்தேன். கோடுகள் சட்டத்தைத் தாண்டி, மேசைக் காலைத் தாண்டி, மேஸ்திரியின் முக்காலிக்கு அடியில் போய் நுழைந்தன. “கொஞ்சம் எழுந்திரிங்க மேஸ்திரி, நீங்க நடுவுல உட்கார்ந்திருக்கீங்க” என்றேன். இந்தமுறை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது.

கயிறு இழுபடும் என்று இந்தமுறை கம்பி கட்டி, சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அரை நூல், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர், இடம் விட்டு, அட்டையில் வளைவு வரைந்து கொடுத்தேன். அண்ணன் வெட்டினார். கண்ணாடி சட்டத்துக்குள் எங்கேயும் இடிக்காமல் இறங்கியது. மேஸ்திரி விளிம்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். “தரையில இருக்கிற கோட்டை யாரும் பெருக்காதீங்க” என்று மட்டும் சொன்னார். மறுநாள் ஜன்னலோரம் எனக்கென்று ஒரு மேசை போட்டிருந்தது. அம்மா, நான் இங்கேயே இருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். மூன்று ஊரில் அப்பா ஒரு புள்ளி, நீ ஒரு புள்ளி, நான் ஒரு புள்ளி. நம் நடு எந்த வீட்டுக்குள்ளும் இல்லைதான். ஆனால் இருக்கிறது; துல்லியமாக இருக்கிறது. இனிமேல் ‘தனியா விட்டுட்டேன்’ என்று எழுதாதே. காலை உயர்த்தி வைத்துத் தூங்கு.

உன் அன்பு மகள்,
ஸ்கேலம்மா