ஜல்லிக்கட்டு அன்று சைக்கிள் கேரியரில் வந்தவருக்கு

டாக்டரம்மா,

காணும் பொங்கலன்று காலை எங்கள் வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அலங்காநல்லூர் வாடிவாசலை நேரடியாகக் காட்டினார்கள். மைக்கில் ஒருவர் மாட்டுக்காரர் பெயரையும் ஊரையும் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போக, என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு ஆண்களும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுப்படியில் நின்றபடி சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் திரும்பிப் பார்த்தார். நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

அந்த மைக் சத்தத்தைக் கேட்டால் எனக்குக் காளை நினைவுக்கு வருவதில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யாரோ ஒருவருடைய சைக்கிள் கேரியரில், மடியில் தோல் பையை அணைத்துக்கொண்டு ஆடி ஆடி வந்த நீங்கள்தான் வருகிறீர்கள்.

நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. துக்கம் கேட்க வந்தபோது உங்கள் வீட்டு வாசலில் அவ்வளவு பெண்கள். ஒவ்வொருவருக்கும் உங்களைப் பற்றிச் சொல்ல ஒன்று இருந்தது. என் முறை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதனால் என் கதையை உங்களிடமே சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் கேளுங்கள்.

எழுபதுகளின் கடைசி அது. அலங்காநல்லூர் சாலையில் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். எங்கள் தெருவிலிருந்து சர்க்கார் வேலைக்குப் போன முதல் பெண் நான். அதுவும் சைக்கிளில் போனேன். கல்யாணமாகி இரண்டு முறை உண்டாகி, இரண்டும் ஐந்தாம் மாதத்தில் போய்விட்டன. முதல் முறை ஊர் பரிதாபப்பட்டது. இரண்டாம் முறை சைக்கிள் மேல் பழியைப் போட்டது. என் மாமியார் கெட்டவர் இல்லை. எனக்காகக் கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டவர்தான். ஆனாலும் அந்தச் சைக்கிளைச் சங்கிலி போட்டுத் தூணில் கட்டிவிட்டார். சொந்தக்காரர்கள் என் காது படவே, என் வீட்டுக்காரருக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.

மூன்றாவது முறை உண்டானபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. உடன் வேலை பார்த்த டீச்சர் ஒருவர் உங்களைப் பற்றிச் சொன்னார். மதுரை சிம்மக்கல்லில் புதிதாக ஒரு லேடி டாக்டர் வந்திருக்கிறார், சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார் என்றார்.

மாமியாரும் நானும் டவுன் பஸ் பிடித்து வந்தோம். கீழே மிளகாய் வற்றல் மொத்தக் கடை, மேலே உங்கள் கிளினிக். அந்தப் படியில் தும்மாமல் ஏற முடியாது. தும்மல் கேட்டால் ஆள் வந்துவிட்டது என்று தெரியும், தனியாக மணி எதற்கு என்று நீங்கள் பின்னால் சொல்லிச் சிரிப்பீர்கள். அன்று எங்களைத் தவிர யாரும் இல்லை. நரைத்த தலையும் கண்ணாடியுமாக ஒருவரை எதிர்பார்த்து வந்தேன். என் வயதில் ஒரு பெண், எழுந்து வந்து, எங்களுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அது நீங்கள்தான்.

என் மாமியார் பேச வாயெடுத்தார். அடுத்து அவரிடம் கேட்பதாகப் பணிவாகச் சொல்லிவிட்டு நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "அவசரமில்ல டீச்சர். மொதல்ல இருந்து சொல்லுங்க."

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. முதல் முறை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோதே பனிக்குடம் உடைந்ததைச் சொன்னேன். இரண்டாம் முறை வாசல் பெருக்கும்போது. ஊர் சைக்கிளைப் பழிப்பதையும் சொன்னேன். நீங்கள் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்.

"வலி வந்துச்சா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. இரண்டு முறையும் எல்லாம் முடிகிற சமயத்தில்தான் வலி வந்தது. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அதைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இதற்கு வழி இருக்கிறது, இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னீர்கள்.

பிறகு என் மாமியாரிடம் போய், அவர் இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைச் சுருக்குப் பையைக் கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டீர்கள். அவர் மிரண்டுபோய் எடுத்துக் கொடுத்தார். கயிற்றைத் தளர்த்திப் பையைத் தலைகீழாகப் பிடித்தீர்கள். பாக்கு மேசையில் கொட்டியது. மறுபடி பாக்கைப் போட்டு, கயிற்றை இழுத்துச் சுருக்கித் தலைகீழாகப் பிடித்தீர்கள். ஒன்றும் விழவில்லை.

"இவங்க கர்ப்பப்பை வாய் கொஞ்சம் தளர்வு, அம்புட்டுத்தான். புள்ள கனம் ஏறுனதும் தாங்க மாட்டேங்குது. நாலாம் மாசம் ஒரு தையல் போட்டுச் சுருக்கி வச்சிருவோம். சைக்கிளைக் குத்தம் சொல்லாதீங்கம்மா."

எனக்கு முன்னால் என் மாமியாருக்குத்தான் அது புரிந்தது. பையைத் திரும்ப வாங்கி, கயிற்றை அவரே ஒரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

நூற்றுக்கு நூறு நிற்கும் என்று நீங்கள் சொல்லவில்லை. தையல் போட்டும் சிலருக்குத் தங்குவதில்லை, ஆனால் நிறையப் பேருக்குத் தங்குகிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னீர்கள். திரையை இழுத்துவிட்டு, தொடுவதற்கு முன்னால் தொடட்டுமா என்று கேட்டீர்கள். படியிறங்கும்போது என் மாமியார் தும்மலுக்கு நடுவில் சொன்னார்: "அந்தப் புள்ள நம்மள எந்தத் தெருன்னு கேக்கவே இல்லத்தா."

நாலாம் மாதம் தையல் போட்டீர்கள். பள்ளிக்கு நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்துக்கிடந்தேன். ஐந்தாம் மாதம் பிறந்ததிலிருந்து முடிகிற வரை ஒவ்வொரு காலையும் கண் விழித்ததும் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பேன். ஐந்து முடிந்து ஆறு பிறந்த அன்று உங்களிடம் வந்தபோது, என்னைவிட நீங்கள்தான் துள்ளிக்கொண்டிருந்தீர்கள். வாசலுக்கே வந்து, கனிந்த பழத்தைப் பார்ப்பதுபோல என் வயிற்றைப் பார்த்தீர்கள்.

ஏழாம் மாதம் உங்கள் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி என் காதில் மாட்டினீர்கள். மறுமுனையை வயிற்றில் வைத்து நகர்த்தி நகர்த்தித் தேடினீர்கள். முதலில் ஒரே இரைச்சல். அப்புறம் தூரத்தில், அடியில், யாரோ அவசரமாக ஓடி வருகிற மாதிரி ஒரு சத்தம். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து என் மாமியார் காதில் மாட்டினீர்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, யாரும் பேசாதீர்கள் என்று கையைக் காட்டினார். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள்.

பொங்கல் முடிந்து வந்தால் தையலைப் பிரித்துவிடலாம், அதன் பிறகு குழந்தை எப்போது வேண்டுமானாலும் வரட்டும் என்று சொல்லி அனுப்பினீர்கள்.

குழந்தை பொங்கல் முடிகிற வரை பொறுக்கவில்லை. ஜல்லிக்கட்டு அன்று காலை எனக்கு இடுப்பு வலி எடுத்தது. ஊரெல்லாம் மேளம். என் வீட்டுக்காரர் ரைஸ் மில்லில் வேலை பார்த்தார். லீவு நாளென்று பூட்டிக் கிடந்த மில்லைத் திறக்கவைத்து, அங்கிருந்த போனில் உங்களைப் பிடித்தார். நீங்கள் சொன்னதை அவர் இன்றைக்கும் அப்படியே சொல்லுவார்: "வலி பலமாகுறதுக்குள்ள தையலப் பிரிக்கணும், இல்லாட்டி கர்ப்பப்பை வாய் கிழிஞ்சிரும். நீங்க கிளம்புங்க, நானும் எதிர்ல வாரேன்." வழியில் என் பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே சந்திப்போம் என்று முடிவாகியிருந்தது.

மில்லின் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி என்னைப் படுக்கவைத்தார்கள். மதுரைப் பக்கமிருந்து ஜனம் அலங்காநல்லூரைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. சாலை முழுக்கத் தலைகள். நடுநடுவே கொம்பில் வர்ணம் பூசி, திமிலில் சந்தனம் அப்பிய காளைகள். எங்கள் வண்டி ஒன்றுதான் எதிர்த் திசையில் போனது. கொஞ்ச தூரத்தில் அசைய முடியாமல் நின்றுவிட்டது. என் மாமியார், கூட்டத்தில் ஒதுங்கியே நடந்து பழகிய பெண், வண்டியின் முன்னால் எழுந்து நின்றார்.

"புள்ளத்தாச்சி வாராய்யா. வழி விடுங்க."

முன்னால் நின்றவர் அதைத் திருப்பிச் சொன்னார். அவருக்கு முன்னால் நின்றவர் அவருக்கு முன்னால் இருந்தவரிடம் சொன்னார். புள்ளத்தாச்சி, புள்ளத்தாச்சி என்று அந்தச் சொல் எங்களுக்கு முன்னால் ஓடியது. அது போன இடமெல்லாம் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒருவர் தன் கருங்காளையை மூக்கணாங்கயிற்றோடு இழுத்து, அது எங்களைப் பார்த்து மிரளாதபடி முகத்தை வேலிப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். வண்டி கடக்கும்போது, நல்லபடியாகப் பெற்றுக்கொண்டு வா என்று வாழ்த்தினார். வலியோடு வலியாக எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அத்தனை பேரும் என் பக்கம் நிற்கிறார்கள் என்று தோன்றியது.

பள்ளிக்கூட ஆயா கதவைத் திறந்து, பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, வெந்நீர் வைத்துவிட்டார். நீங்கள்தான் இல்லை. வலி நெருங்கி நெருங்கி வந்தது. என் வீட்டுக்காரர் சாலைக்கும் வகுப்புக்கும் ஓடிக்கொண்டிருந்தார். தையலைப் பிரிக்காவிட்டால் கிழிந்துவிடும் என்று நீங்கள் சொன்னதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

அப்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உங்கள் காரைக் கூட்டத்துக்குள் விட்டுவிட்டு, ஜல்லிக்கட்டுப் பார்க்கப் போன ஒரு பெரியவரின் சைக்கிளில் ஏறிக்கொண்டு வந்தீர்கள். முகமெல்லாம் புழுதி. உள்ளே வரும்போதே கைகழுவ எங்கே என்று கேட்டீர்கள். அடுத்து என்னைப் பார்த்து, "வந்துட்டேன் டீச்சர்" என்றீர்கள். அவ்வளவுதான். எனக்குப் பாதி வலி போய்விட்டது.

வெளிச்சத்துக்காக என்னை ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தீர்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லியே செய்தீர்கள். கத்தரிக்கோலின் சின்னச் சத்தம் கேட்டது. தையல் வந்துவிட்டது, கிழியவில்லை, இனி முக்கலாம் என்றீர்கள். அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. நான் அ, ஆ எழுதிப்போடும் கரும்பலகைக்கு நேர் எதிரே என் மகள் பிறந்தாள். பிறந்த உடனே வீறிட்டாள்.

வெளியே வாசலில் நின்ற கூட்டத்திடம் என் மாமியார் போய்ப் பேத்தி என்றார். யாரோ விசில் அடித்தார்கள். சைக்கிள்காரப் பெரியவர் ஜல்லிக்கட்டை மறந்து மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார் என்று பின்னால் தெரிந்தது.

எல்லோரும் குழந்தையைச் சுற்றி நின்றபோது நீங்கள் என் அருகில்தான் இருந்தீர்கள். ரத்தப்போக்கைப் பார்த்து, நாடியைப் பார்த்து, எல்லாம் சரி என்று ஆன பிறகு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் அந்தக் குட்டைப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தீர்கள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லட்டுமா. பெரிய டாக்டருங்க பக்கத்துல இல்லாம, நான் தனியாப் போட்ட மொதத் தையல் இதுதான்."

எனக்குக் கோபம் வரவில்லை. நான் முதன்முதலில் வகுப்புக்குள் நுழைந்தபோது, இதற்கு முன் பாடம் எடுத்ததில்லை என்று நானும் பிள்ளைகளிடம் சொல்லவில்லையே என்றேன். நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். எனக்குச் சிரித்தால் வலித்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை இரண்டு பேரும் சிரித்தோம். பிறந்த அன்றைக்கே மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதாக நீங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

அன்று கூட்டத்தில் வழிவிட்ட ஆண்களின் வீட்டுப் பெண்கள் அடுத்த வாரமே உங்களைத் தேடி வரத் தொடங்கினார்கள். சிம்மக்கல் வரை எல்லோராலும் வர முடியவில்லை. எனவே நீங்களே மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தீர்கள். நாற்று நட்டு முடித்த கையோடு, காலில் சேறு காயாமல் பெண்கள் வந்து பெஞ்சில் நெருக்கி உட்காருவார்கள். முதல் கூட்டத்தில் யாரும் எதையும் பெயர் சொல்லிப் பேசவில்லை. "அது", "அங்க", "அந்த மூணு நாளு" என்று கையைக் காட்டினார்கள். நீங்கள் என்னிடம் சாக்பீஸைக் கொடுத்து எழுதச் சொன்னீர்கள். நான் பெரிய எழுத்தில் எழுதினேன். மாதவிலக்கு. கர்ப்பப்பை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலக் குச்சியால் தொட்டுத் தொட்டுச் சத்தமாகப் படித்தேன். அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மறுபடி படித்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டது. அப்புறம் எல்லோரும். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத பெண்கள் அன்று எழுத்துக் கூட்டிப் படித்த முதல் சொல் கர்ப்பப்பை. நீங்கள் கதவோரம் நின்று, ஜெயித்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தீர்கள்.

என் மகள் இப்போது மின்வாரியத்தில் இன்ஜினியர். நான் ஓய்வு பெற்று ஆரப்பாளையம் பக்கம் குடியேறிவிட்டேன். உங்களிடமிருந்து நான் இன்னும் வைத்திருப்பது அந்தச் சொற்களைச் சொல்லும் குரல் ஒன்றுதான்.

போன வாரம் டவுன் பஸ்ஸில் என்னிடம் படித்த ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டாக்டரிடம் போய்விட்டு வருகிறாளாம். என் காதோரம் குனிந்து, அதில் ஏதோ கட்டி என்கிறார்கள் டீச்சர் என்றாள். எதில் என்று கேட்டேன். அதில்தான் என்று கண்ணால் காட்டினாள்.

"கர்ப்பப்பையிலயா?" என்றேன், வகுப்பில் பேசுகிற குரலில்.

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் திரும்பினார். அவள் முகம் சிவந்தது. பிறகு அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆமா டீச்சர், கர்ப்பப்பையில" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

முன் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் மெல்ல எங்கள் பக்கம் திரும்பினாள். தனக்கும் ஒன்று கேட்க வேண்டும் என்றாள். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போனது. நான் இறங்கவில்லை.