ஆயுத பூஜைக்கு நின்ற மெஷின்

செப்டம்பர் 22
இன்று பக்கம் முழுவதும் நானே எழுதுகிறேன். கை வலிக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது. எழுபது தாண்டும்வரை கட்டைவிரல்தான் என் கையெழுத்து. எழுத்துச் சொல்லிக்கொடுத்தது எங்கள் மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் ஜெரூஷா. பம்மல் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை, கூடவே ஆராய்ச்சி.
"இன்னாய்யா, கலெக்டருக்கா எழுதிகினு கீற?" என்கிறாள் என் மனைவி பச்சையம்மா.

செப்டம்பர் 25
ஜெரூஷாவுக்கு முறை வந்துவிட்டது! மாடம்பாக்கத்தில் என் நிலம் இருந்த இடத்தில் அரசாங்கம் வைத்திருக்கும் பெரிய கம்ப்யூட்டர் — நாட்டின் எந்தக் கல்லூரிக்காரரும் தன் கணக்கை அனுப்பலாம், எல்லோருக்கும் பொது. மாதக்கணக்கில் காத்திருந்தாள். பெருமழையில் எந்தத் தெருவுக்குள் முதலில் தண்ணீர் வரும் என்ற கணக்கு. இரவும் பகலும் பத்து நாள் ஓட வேண்டுமாம். இடையில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான்.
நெல் போட்ட இடம் கணக்குப் போடுகிறது!

செப்டம்பர் 30
நாளைக்கு அங்கே ஆயுத பூஜை. டைரக்டர் கார் அனுப்புகிறார். நிலம் கொடுத்தவன் நான்தான் பூசணிக்காய் உடைக்க வேண்டுமாம். புது வேட்டி எடுத்து வைத்தேன்.

அக்டோபர் 1
இன்று பேனா சாமி முன்னால் இருக்க வேண்டும், எழுதக் கூடாது என்கிறாள் பச்சையம்மா. எழுதுவேன்.
பெரிய அறை. பீரோ பீரோவாக மெஷின், எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். சத்தமே இல்லை. பூசணிக்காய் உடைத்தேன். சால்வை போட்டார்கள்.
"எப்பவும் உறுமிக்கிட்டே இருக்கும் ஐயா. பூஜைக்காக ஆஃப் பண்ணிட்டோம். வருஷத்துல ஒரு நாள் ரெஸ்ட் வேணாமா?" டைரக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.
வீட்டுக்கு வந்தால் மாடிப்படியில் ஜெரூஷா. "நிறுத்திட்டாங்க தாத்தா... எல்லாம் போச்சு."
என் நெற்றியில் அவர்கள் வைத்த குங்குமம். தூ! சோப்புப் போட்டும் போகவில்லை.
பச்சையம்மாவே கத்தினாள்: "நிக்கற சைக்கிளுக்குப் பொட்டு வெப்பாங்க. ஓடிகினு கீற பஸ்ஸ நிறுத்தி, ஜனத்த எறக்கிவுட்டா வெப்பாங்க?"

அக்டோபர் 6
அடுத்த முறை பொங்கலுக்குப் பிறகாம். அவள் டிசம்பரில் ஆராய்ச்சியை ஒப்படைத்தாக வேண்டும். டைரக்டரிடம் கெஞ்சியிருக்கிறாள். "எல்லாருக்கும் பொதுவான மெஷின்மா, உங்களுக்கு மட்டும் எப்படி?" என்றாராம்.
பொதுவாம். நிறுத்தும்போது யாரைக் கேட்டார்கள்? சால்வையைத் தரை துடைக்கப் போட்டேன்.

அக்டோபர் 24
டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். மறுபடி கார். ஜெரூஷாவுக்காகப் போனேன்.
பார்க்க வருகிறவர்கள் கருத்து எழுதும் புத்தகத்தை நீட்டி, "ஐயா கைநாட்டு வைக்கட்டும், போட்டோ எடுங்க" என்றார் டைரக்டர். மை டப்பாவைத் தள்ளிவிட்டுப் பேனா கேட்டேன்.
'பூஜைக்காக ஒரு பெண்ணின் கணக்கை நிறுத்தினீர்கள். அவள் முறையைத் திருப்பிக் கொடுங்கள்.'
மெதுவாக எழுதி முடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.
"பாருங்க சார், இந்த வயசுல எவ்ளோ அழகா எழுதுறாரு!"
அதிகாரி என் தோளைத் தட்டினார். போட்டோ. புத்தகத்தை மூடிவிட்டார்கள். ஒருவரும் படிக்கவில்லை — ஒருவரும்! லட்டு கொடுத்தார்கள். வாசலில் நாய்க்குப் போட்டேன்.

அக்டோபர் 25
சீ.

நவம்பர் 9
பெங்களூரில் ஒரு பேராசிரியர், அங்கேயே வந்து சேர்ந்தால் தங்கள் மெஷினில் இடம் தருகிறேன் என்றாராம். ஜெரூஷாவைத் தாம்பரத்தில் பஸ் ஏற்றிவிட்டோம்.
அட்டையில் 'மாடி வீடு வாடகைக்கு' என்று எழுதி கேட்டில் கட்டினேன். நானேதான் எழுதினேன். அதற்குள் இரண்டு பேர் நின்று படித்துவிட்டுப் போனார்கள்.