முட்டை வெள்ளையில் மட்டும்

மார்ச் 4

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம்; உன் அத்தானுக்கு இருமல் மட்டும் விடுவதாக இல்லை. பார்சலில் இருக்கும் குப்பியை வெளிச்சம் படாமல் ஃபிரிட்ஜில் வை. இரண்டு வருடமாக என் தூக்கத்தைக் கெடுத்த சாயம் அது. புரதத்தின் இருபது அமினோ அமிலங்களில் டிரிப்டோபேனை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும். முட்டை வெள்ளையிலிருந்து எடுத்த லைசோசைம் என்ற புரதத்தில் பதினோரு தடவை பார்த்துவிட்டேன், வேறு எதையும் தொடவில்லை. கட்டுரையை அனுப்பியாயிற்று. வெளியே வேறொரு ஆய்வகமும் இதைச் செய்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறார்கள் இதழ்காரர்கள்; உன் ஆய்வகத்தைத்தான் சொல்லியிருக்கிறேன். "இது வந்துட்டா உங்க வேலை நிரந்தரம்தான்" என்று எங்கள் தலைவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். நீ ‘சரி’ என்று ஒரு வரி எழுதினால் போதும். கடிதமே போடாத கழுதை, இதற்காவது போடு.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கழுதை எழுதுகிறேன். அத்தானை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போ.

லைசோசைமில் நீ சொன்னபடியே வந்தது. துள்ளிக் குதித்தேன். பிறகு கை சும்மா இருக்காமல் இரத்தத்திலிருந்து எடுக்கிற ஆல்புமின் என்ற புரதத்திலும் போட்டேன். துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தால், சிஸ்டீன் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலும் ஒட்டியிருக்கிறது அக்கா. மூன்று முறை பார்த்தேன். லைசோசைமின் எட்டு சிஸ்டீனும் ஜோடி ஜோடியாகக் கைகோத்துக் கிடப்பவை, ஒட்ட இடமே தராது. ஆல்புமினில் ஒன்று தனியாக நிற்கிறது. அதில் போய் உட்கார்ந்துவிட்டது.

அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை. அழுகையாக வருகிறது. திட்டு, ஆனால் பேசாமல் இருந்துவிடாதே.

உன் தங்கை

ஏப்ரல் 12

அக்கா,

மூன்று வாரமாயிற்று. போன் செய்தால் அத்தான் "அவ குளிக்கிறா" என்கிறார். ஒரு மனுஷி ஒரே நாளில் நாலு தடவை குளிப்பாளா? ஒரு அட்டையாவது போடு.

தங்கை

ஏப்ரல் 20

தங்கைக்கு,

நானும் ஆல்புமினில் செய்து பார்த்தேன். நீ சொன்னதுதான். கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். அந்த நிரந்தர வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. உன்மேல் கோபமே இல்லை என்று எழுதினால் அது பொய். முதல் வாரம் உன் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுந்தேன்.

ஆல்புமின் என் பக்கத்து மேசையிலேயே இருந்தது. போட்டுப் பார்க்க இரண்டு நாள் ஆகியிருக்காது. இரண்டு வருடமாக நான் அதைத் தொடவில்லை. பயம்தான். வெளி ஆய்வகம் என்றதும் தலைவர் நாலு பேரைச் சொன்னார். நான்தான் உன்னைச் சொன்னேன். அந்த நாலு பேரும் தோண்டித் துருவுவார்கள், என் தங்கை பார்க்காமலே சரி என்று எழுதிவிடுவாள் என்று நினைத்தேன்.

மன்னித்துவிடு.

அக்கா