யப்பான் பாட்டுக்கு எழும்பி நின்ற மண்டபம்

மோர்டன், லண்டன்
ஞாயிறு பின்னேரம்

என் அன்பு மகள் துஷ்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முருகன் புண்ணியத்தில் எனக்கும் அப்பாவுக்கும் டொக்டரிடம் போகிற அளவுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, டொக்டரிடம் சொல்ல முடியாத வருத்தத்தைக் கீழே எழுதுகிறேன். நீ அங்கே அந்த யப்பான் குளிரில் தலைக்குத் தொப்பி போடாமல் திரிகிறாய் என்று போட்டோவிலேயே தெரிகிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வட்ஸ்அப் இருக்க இந்த மனுசி ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். போனில் உன்னோடு கதைத்தால் அப்பா பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கதிரையில் வந்து இருப்பார், ஒரு பக்கமும் புரட்ட மாட்டார், காது முழுக்க எங்களிடம்தான். ஆனால் போனைக் கொடுத்தால் வாயில் கொழுக்கட்டை. நீ பார்மசி வேலையை விட்டுவிட்டு யப்பானில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கப் போன நாளிலிருந்து இதே கூத்துத்தான். அதனால் கறித்தூள் பார்சலுக்குள் இதை வைக்கிறேன், தூள் வாசம் அடித்தால் பொறுத்துக்கொள். உன் வகுப்புப் பிள்ளைகள் படிப்பு முடித்துப் போகிற விழாவுக்குப் பங்குனியில் எங்கள் இரண்டு பேரையும் வரச் சொன்னாய், அப்பா வருவாரா என்று கேட்டு அழுதாய். அதற்குத்தான் இந்தக் கடிதம், ஆனால் எடுத்த எடுப்பில் சொன்னால் நீ நம்ப மாட்டாய், முழுக்க வாசி.

நேற்றில்லை, அதற்கு முதல் சனிக்கிழமை எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா. அப்பாதான் இந்த முறை தலைவர் என்பது உனக்குத் தெரியும். தலைவரானவர் சும்மா இருப்பாரா, பாடசாலைக்குப் புதிதாக ஒரு கீதம் வேண்டும் என்று தானே உட்கார்ந்து எழுதினார். கோடை முழுக்க அகராதியும் கையுமாக இருந்தார், புல்லு வெட்டவில்லை, குப்பை வாளி வைக்கவில்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார், ஐயோ பிள்ளை, அவ்வளவும் சுத்தத் தமிழ், எனக்கு ஒரு வரியும் விளங்கவில்லை, அருமை என்று சொல்லிவிட்டுக் கறியைக் கிளறினேன். அதை ஊரில் இருக்கிற ஒரு ரீச்சரைக் கொண்டு பாடுவித்து ஒலிப்பதிவும் செய்தாயிற்று. விழாவில்தான் முதன்முதலாகப் போடுவது என்று வேறு ஒருவருக்கும் கேட்க விடவில்லை. எல்லா வில்லங்கமும் அங்கேதான் தொடங்கியது. விழாவன்று சவுண்ட் போடுகிற பீற்றர் அண்ணையின் பெட்டியில் அந்த பென் டிரைவ் திறக்கவே இல்லை. மனுசன் வேர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடி வந்தார், தங்கச்சி, உம்மட போனில அந்தப் பாட்டு இருக்கோ என்று கேட்டார், ஓம் இருக்கு என்று போனைக் கொடுத்துவிட்டு நான் பின்னால் வடைக்குச் சம்பல் கரைக்கப் போய்விட்டேன். உன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விழாவுக்குப் பாடிப் பழகுகிறார்கள் என்று நீ அனுப்பினாயே, அந்தச் சினிமாப் பாட்டுப் போல ஒரு பாட்டு, நாளைக்கு நீ ஒரு ரயில் நான் ஒரு ரயில் என்று அர்த்தம் சொன்னாயே, அதைத்தான் நான் ஒவ்வொரு நாளும் சமைக்கும்போது காதில் வயர் மாட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்கிறனான். பீற்றர் அண்ணை பாவம், போனில் முன்னுக்கு நின்ற பாட்டை அமத்தி ஓடவிட்டுவிட்டார்.

பாடசாலைக் கீதம், அனைவரும் எழுந்து நிற்கவும் என்று மைக்கில் அறிவித்தாயிற்று, மண்டபமே எழும்பி நின்றாயிற்று, பியானோ அடிக்கிறது, உன் யப்பான் பிள்ளைகள் பாடுகிறார்கள். நான் சம்பல் கரண்டியோடு ஓடி வந்து பார்க்கிறேன், சனம் அசையவில்லை. வேட்டி, சேலை, கோட், விருந்தாளியாக வந்த வெள்ளைக்காரக் கவுன்சிலர் எல்லாம் தேசிய கீதத்துக்கு நிற்கிறது போல விறைத்து நிற்கிறார்கள். புதுக் கீதத்தை ஒருவரும் முன்னே பின்னே கேட்டதில்லை, இதுதான் அது என்றே நினைத்துவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற அஜந்தா, தலைவர் எழுதின தமிழ் எண்டபடியால் எங்களுக்கு விளங்காதுதானே என்று மெல்லச் சொல்லுகிறாள். இதற்குள் பிள்ளைகள் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது. வருடா வருடம் தமிழ் வாழ்த்துக்கு வாயைத் திறக்காத பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஒரு எழுத்துப் பிசகாமல் யப்பான் மொழியில் கூடப் பாடுகிறார்கள்! சிலதுகளுக்குக் கண்ணீர் வேறு. அங்கே பள்ளிக்கூடம் முடிகிற பிள்ளைகள் எல்லாரும் பாடுகிற பாட்டாம், ஏதோ கார்ட்டூனிலும் வந்ததாம், அதனால் இங்குள்ளதுகளுக்கும் மனப்பாடமாம். பாட்டு முடிந்தது, அப்பாடா என்று மூச்சு விட்டேன், என் போன் அல்லவா, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது.

இப்போதுதான் பிள்ளை கேள். அது தன் கீதம் இல்லை என்று அந்த மண்டபத்தில் நன்றாகத் தெரிந்த ஆள் அப்பா. மேடையில் நடுவில் நிற்கிறார், கையை ஒருக்கால் காட்டியிருந்தால் பீற்றர் அண்ணை நிறுத்தியிருப்பார். அவர் காட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். தலைவர் நிற்கும்போது யார் கதிரையில் இருப்பது? கமிட்டியில் மூத்தவர் செல்வரத்தினம் அண்ணைக்கு இப்போதுதான் முழங்கால் ஒப்பரேஷன் நடந்தது, அந்த மனுசனும் முன் கதிரையைப் பிடித்துக்கொண்டு நடுங்கி நடுங்கி நின்றார். கடைசியில் நானே ஓடிப்போய் போனைப் பிடுங்கி எடுத்தேன், அதற்கும் சில பேர் என்னை முறைத்தார்கள், மரியாதை தெரியாதவள் என்று. கவுன்சிலர் எழும்பி, தமிழ் இவ்வளவு இனிமையான மொழி என்று இன்றுதான் அறிந்தேன் என்றார். செல்வரத்தினம் அண்ணை விடுவாரா, மைக்கைப் பிடித்து, சங்க காலத்துக்குப் பிறகு இப்படிச் சொல்லாட்சியைத் தான் கேட்டதில்லை என்று அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். அப்பா குனிந்து வாங்கிக்கொண்டார், ஒரு மறுப்பும் இல்லை! இப்போது கமிட்டி கூடி அதையே கீதமாக வைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தாயிற்று. உண்மை தெரிந்த பிள்ளைகள் ஒன்றும் வாய் திறக்கவில்லை, வகுப்புக்கு வராமல் நின்றுபோனதுகளும் நேற்றுச் சனிக்கிழமை திரும்ப வந்துவிட்டதுகளாம். உனக்கு இந்தப் பாட்டு என்னத்துக்கு இவ்வளவு பிடிக்குது என்று ஜதுர்ஷிகாவைப் பிடித்துக் கேட்டேன், அஜந்தாவின் மகள், வருகிற வருடம் யூனிவர்சிட்டிக்குப் போகிறவள். அன்ரி, நாங்கள் எல்லாரும் வேற வேற இடம் போகப்போறம், போயிட்டு வா எண்டு சொல்ல எங்களுக்கு இங்கிலீஷிலயும் வருதில்லை, தமிழிலயும் வருதில்லை, இதில வருது என்றாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது, அவளுக்கு இரண்டு வடை கூடக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணியை முன்னால் வைத்துவிட்டு அப்பாவை ஒரு பிடி பிடித்தேன். கோடை முழுக்கக் கிடந்து எழுதின பாட்டை விட்டுப்போட்டு ஊரான் பாட்டுக்குப் பொன்னாடை வாங்கினீங்களே, வெட்கமாக இல்லையா, ஏன் நிப்பாட்டேல்லை என்று கேட்டேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற மனுசன், சண்டைக்கு வருவார் என்றுதான் நினைத்தேன். போர்த்தின பொன்னாடையை மடித்துக் கதிரையில் வைத்தார். பிறகு சொன்னார், சின்னனில கோயிலில தேவாரம் பாடேக்கையும் அவள் எல்லாருக்கும் முதல் முந்தித்தான் தொடங்குவாள், அந்தப் பாட்டிலயும் ஒரு குரல் முந்தித் தொடங்குது, அது என்ரை பிள்ளையின்ரை குரல், அவள் பாடேக்கை நான் எப்படி நிப்பாட்டச் சொல்லுறது என்று. சொல்லிவிட்டு அழுதார் பிள்ளை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் அந்தப் பாட்டைக் கேட்கிற எனக்குப் பிள்ளைகளோடு நீயும் பாடுகிறாய் என்பது பிடிபடவே இல்லை, ஒரே தரத்தில் அவருக்குப் பிடிபட்டிருக்கிறது. இப்போது ஜதுர்ஷிகாவிடம் சொல்லி அந்த வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதுவித்து, குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, சேவ் எடுக்கும்போது பாடிப் பழகுகிறார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி சுகமில்லையோ என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

கறித்தூளைக் காற்றுப் போகாத போத்தலில் போட்டு வை, பருத்தித்துறை வடை எல்லாவற்றையும் ஒரே நாளில் தின்று முடிக்காதே, தலைக்குத் தொப்பி போடு. உன் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம் சொல்லு, அதுகள் எந்த ரயில் ஏறினாலும் நல்ல இடத்தில் போய் இறங்கட்டும், நீயும் என்றைக்கும் குறைவில்லாமல் இருக்க அந்தக் கந்தன் துணையிருப்பான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அங்கே அந்த விழாவில் பாட்டுப் பாடும்போது வந்தவர்கள் எழும்பி நிற்பதோ, இருந்து கேட்பதோ, தனக்கு முறை தெரியாது, பிள்ளையைக் கேட்டுச் சொல்லு என்று அப்பா என்னைக் கரைச்சல் படுத்துகிறார். பதிலை எனக்கு அனுப்பாதே, அவருடைய போனுக்கு எடுத்துச் சொல்லு. மடியில் போனை வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா
கனகாம்பிகை பாலேந்திரா