தொண்ணூறு கிலோ ஆளுக்கு ஒரு ஸ்பிரிங்

என் அருமை மச்சான் ஸாபிர்,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

எடுத்த எடுப்பிலேயே பதில் சலாமா என்று வாசிக்கிறவர்கள் யோசிப்பார்கள். உனக்கு விளங்கும். நீ சொன்ன சலாமுக்கு நான் அன்றைக்கே தந்திருக்க வேண்டிய பதில் இது. இரண்டு மாதம் பிந்திவிட்டது.

முதலில் வீட்டுச் செய்தி. உன் ஜெஸீமா இத்தாவில், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கிறாள். கூடப்பிறந்த மூத்த காக்கா என்பதால் நான் உள்ளே போய்ப் பார்க்க முடிகிறது. சாப்பிடுகிறாள், தொழுகிறாள், உன் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறாள். நிந்தவூரில் நீ பாதியில் விட்ட குளியலறையை வேறொரு மேசன் பாஸ் வந்து முடித்துக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டுக்காரரைச் சந்தையில் கண்டேன். "ஸாபிர் பாஸ் டைல்ஸ் பதிச்ச பக்கம் தண்ணி தானா ஓடுது. மத்தப் பக்கம் தும்புத்தடியால தள்ள வேண்டியிரிக்கி" என்றார். இதைக் கேட்டால் நீ மீசைக்குள் சிரித்திருப்பாய்.

நம் சைக்கிள் கதையை இனித்தான் சொல்ல வேண்டும்.

ஜப்பானில் ஓடி அலுத்து இங்கே வந்து இறங்கிய இரண்டு மவுண்டன் சைக்கிள்கள். பின்பக்கம் வெறும் இரும்பு, முன்னுக்கு மட்டும் குலுக்கல் தாங்குகிற ஷொக். ஒரே நாளில் வாங்கினோம். வெள்ளிக்கிழமைகளில் சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரை மணலில் ஒலுவில் துறைமுகம் வரை போவோம். அலுத்தால் வீரமுனைப் பக்கம் வாய்க்கால் கட்டில் ஏறுவோம். இரண்டு வருடத்தில் உப்பு தன் வேலையைக் காட்டியது. இரண்டு ஷொக்கும் இறுகி, அமுக்கினால் அமுங்காமல் நின்றன. எனக்கு அது வெறும் தொந்தரவு. நாள் முழுக்கக் கல் வெட்டுகிற உனக்கோ ஒவ்வொரு குழியும் மணிக்கட்டில் இறங்கியது. நீ பட்டி சுற்றிக்கொண்டு ஓடினாய்.

புது ஷொக் தேடத் தொடங்கிய பிறகு என் போட்டோக்கொப்பிக் கடையில் வேறு பேச்சே இல்லாமல் போனது. என் ஆசை எல்லாம் காற்று ஷொக்கில். பாரம் குறைவு, பம்பால் அடித்து வேண்டிய இறுக்கம் வைக்கலாம், படத்தில் பார்க்கவும் வடிவு. நீ தலையை ஆட்டினாய்.

"மச்சான், காத்து நல்லந்தான். ஆனா மண் போய் அதுட சீல் தேஞ்சா இங்க ஆர் மாத்துற? கொழும்புக்கு அனுப்பணும். ஸ்பிரிங் போட்டத எடு. பாரம் கூடத்தான், ஆனா வீட்டுலயே கழட்டி கிரீஸ் போடலாம். நம்மட கைக்கு ஏலுமான விலைக்குள்ள அதுதான் நிண்டு பிடிக்கும்."

இன்னும் சொன்னாய். ஷொக்கை அசையாமல் பூட்டுகிற விசை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அமுங்கிய ஷொக் திரும்பி எழுகிற வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு இருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் பூட்ட இடம் இருக்கிறதா பார். நம் சில்லு அச்சு கொள்ளுமா பார். எல்லாவற்றுக்கும் மேலாக உன் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கா என்று கேள். இதற்கு நீ என் வயிற்றைப் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு என் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, தரைக்கு அளவு எடுக்கிற அதே கவனத்தோடு அளந்து, கடைத் தாள் ஒன்றில் எழுதித் தந்தாய்.

நான் உன்னிடம் சொல்லாமல் பேஸ்புக்கில் பாவித்த காற்று ஷொக் ஒன்றைப் பிடித்தேன். விற்றவர் அதன் கழுத்துக் குழாய் நூற்று முப்பத்தைந்து மில்லிமீற்றர் என்றார். உன் தாளில் நூற்றிருபது என்று இருந்தது. போதும் என்று வாங்கிவிட்டேன். காரைதீவில் இராசையா அண்ணனின் சைக்கிள் கடையில் கொண்டுபோய்ப் பூட்டினால், குழாய் மேலே எட்டிப் பார்த்ததோடு சரி. ஹாண்டிலைப் பிடித்து இறுக்க இடமில்லை. முன்பு வைத்திருந்தவர் தன் சின்னச் சைக்கிளுக்கு ஏற்ப வெட்டியிருக்கிறார். வெட்டிய குழாயை யாரால் வளர்க்க முடியும்?

அந்த நேரம் பார்த்து நீ வந்தாய். கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். நான் வாயை விட்டேன்.

"தரைக்குக் கல் வெட்டுற ஆள அளக்கச் சொன்னா இப்படித்தான். இனி உன்ட அளவும் வேணாம், நீயும் வேணாம்."

நீ சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாய்.

இப்போது எல்லோரும் கேட்க ஒன்றைச் சொல்கிறேன், ஸாபிர். அன்று பின்னேரமே அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மடிப்புக்குக் கீழே உன் கையெழுத்து இருந்தது. 'இது சைக்கிள் கழுத்து மட்டும். பேரிங் கிண்ணம், வளையம், ஹாண்டில் பிடி எல்லாம் கூட்டிப் பார்.' பிழை முழுக்க என்னுடையது. உன் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். நான் போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். பிறகு அவனே வரட்டும் என்று நினைத்தேன். மூன்று நாளுக்கு மேல் பகைத்திருக்கக் கூடாது என்று குத்பாப் பிரசங்கத்தில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்? நான் மூன்று வெள்ளிக்கிழமை இருந்தேன்.

மூன்றாவது வெள்ளி, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் நீதான் என்னைக் கண்டாய். "அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்" என்றாய். நான் குனிந்து செருப்புத் தேடினேன். செருப்பு என் காலடியில்தான் கிடந்தது. நிமிர்ந்தபோது நீ போய்விட்டாய்.

செவ்வாய்க்கிழமை ளுஹர் தொழுகைக்குப் பிறகு நிந்தவூரிலிருந்து அழைப்பு வந்தது. தரை ஓடுகளுக்கு நடுவே அப்படியே சரிந்துவிட்டாய் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே எல்லாம் முடிந்திருந்தது.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் உன் மூத்தவர் எழுந்து நின்றார். "எங்கட தம்பி சொல்லால, செயலால ஆருக்கும் நோவின செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க" என்றார். எல்லோரும் பொறுத்தோம் என்றார்கள். நானும் சொன்னேன். உன்னைப் பொறுக்க எனக்கு என்ன இருந்தது? உயிரோடு இருக்கிறவன் ஜனாஸாவிடம் பொறுத்துக்கொள் என்று கேட்க அந்தச் சபையில் ஒரு முறையும் இல்லை. கேட்டிருந்தாலும் யார் பதில் சொல்வது?

மூன்று வாரம் கழித்து ஜெஸீமா அழைத்தாள். "காக்கா, அவர்ட பேருக்கு ஒரு நீளப் பெட்டி வந்திரிக்கி. வந்து பாருங்க."

உடைத்துப் பார்த்தோம். புது ஷொக். காற்று இல்லை, ஸ்பிரிங். கழுத்துக் குழாய் வெட்டாமல் முழு நீளத்தில் இருந்தது. கூடவே ஒரு பையில் கழற்றிய மெல்லிய ஸ்பிரிங் தனியாக. உள்ளே தடித்தது போட்டிருக்கிறது என்று ஒட்டியிருந்தார்கள். நீ ஐம்பத்தெட்டுக் கிலோ. ஆள் மாறி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து, பெட்டியில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன்.

கொழும்புக் கடைக்காரர் உன்னை மறக்கவில்லை. "பிழை ஒண்டும் இல்லை நானா. மூண்டு கிழமைக்கு முந்தி ஒரு சனிக்கிழமை ரெண்டு தரம் கோல் எடுத்துச் சொன்னாரே. 'எனக்கில்ல, மச்சானுக்கு. தொண்ணூறு கிலோ, சாதா ஸ்பிரிங் போட்டா அடியோட உக்காந்துரும்' எண்டு சிரிச்சார். தடிச்ச ஸ்பிரிங் வரத்தான் சுணங்கிட்டு."

இன்னொன்றும் சொன்னார். "போன தரம் அளவைத் தெளிவா எழுதிக் குடுக்காதது தன்ட பிழையாம். இந்த முறை குழாயை வெட்டாம அனுப்பச் சொன்னார்."

சனிக்கிழமை. நான் செருப்புத் தேடியதற்கு அடுத்த நாள்.

போனை வைத்துவிட்டு, நீ பதித்த தரையில் உட்கார்ந்து அழுதேன். சுவரில் சாய்த்திருந்த உன் சைக்கிளின் முன்பக்கத்தை அமுக்கிப் பார்த்தேன். இறுகியபடியே இருந்தது. ஹாண்டிலில் உன் மணிக்கட்டுப் பட்டி தொங்கியது.

அடுத்த நாள் இராசையா அண்ணனின் கடைக்குப் போனேன். அன்று நின்றவர்களில் மூன்று பேராவது வரும்வரை காத்திருந்தேன். பிறகு உன் தாளை விரித்து, மடிப்புக்குக் கீழே இருந்ததைச் சத்தமாக வாசித்தேன். இராசையா அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார்.

"அளவு அண்டைக்கும் சரிதான் தம்பி. எனக்குத் தெரியும். அந்தப் பொடியன் திரும்பி வந்து, 'அண்ணன், மச்சானிட்ட ஒண்டும் கேக்காதங்க, அவர் வெக்கப்படுவார்' எண்டு சொல்லிப்போட்டுப் போனவன்."

இதையும் நீ எனக்காகச் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

உன் தாளை வைத்தே அளந்தோம். எல்லாம் கூட்டினோம். மூன்று தரம் சரிபார்த்து, ஒரு விரல் கூட விட்டு இராசையா அண்ணன் குழாயை வெட்டினார். பூட்டிய பிறகு நீ சொல்லித் தந்தபடி ஷொக் காலில் அமுங்கும் அளவு தெரிய ஒரு பிளாஸ்டிக் பட்டியைக் கட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். நூறு மில்லிமீற்றரில் நீ சொன்ன இருபத்தைந்து அமுங்கி நின்றது. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. என் எடையை நான் யாருக்கும் சரியாகச் சொன்னதில்லை, மச்சான். நீ எப்படி அறிந்தாய்?

மெல்லிய ஸ்பிரிங் மீந்துவிட்டது. அது உன் எடைக்குரியது. என்ன செய்வதென்று தெரியாமல், கடை மேசையில் தாள் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை தனியாக ஒலுவிலுக்குப் புறப்பட்டேன். உன்னை அடக்கிய மையவாடி மதிலருகே இறங்கி, கபுறாளிகளுக்கு எல்லோரும் சொல்கிற சலாமைச் சொன்னேன். பிறகு உன் பக்கம் திரும்பி உனக்கென்று தனியாக ஒன்று சொன்னேன். கேட்டதா? பெட்டியே பதில்தான் என்கிறாள் ஜெஸீமா. இருக்கலாம். ஆனால் நீ அதை அனுப்பியது நான் மன்னிப்புக் கேட்க முந்தி. நான் கேட்டு நீ சொன்ன பதில் அதில்லை. அந்த ஆறுதலை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் துணியவில்லை.

அதனால் ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். மறுமையில் எத்தனை பெரிய கூட்டத்தில் உன்னைக் கண்டாலும் நான் குனிய மாட்டேன். நீ வாய் திறக்க முந்தி நான் சலாம் சொல்வேன். நீ பதில் சொல்லும்வரை அந்த இடத்திலேயே நிற்பேன்.

உன் தொண்ணூறு கிலோ மச்சான்,
ஜெஸீமாவின் காக்கா,
முபாறக்
சாய்ந்தமருது