இடுப்பளவுக் கோடு

நவம்பர் 6

இன்று புகார்ப்பெட்டியோடு மறுபடி சண்டை. பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் அது. எங்கள் சலவைக்கடையின் குழாயிலிருந்து சோப்புத் தண்ணீர் அவர் பக்கச் சந்தில் ஒழுகுகிறதாம். ஒழுகுகிறதுதான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக ஒவ்வொரு சொட்டையும் போட்டோ எடுத்து வைக்க வேண்டுமா?

“எல்லாம் ஆதாரம்மா. ஒரு நாள் கொண்டுபோய்க் குடுக்கத்தான் போறேன்” என்று போனை என் மூக்குக்கு நேராக ஆட்டினார்.

“தாராளமா குடுங்க. என் மூஞ்சியையும் சேத்து எடுத்துக்கங்க” என்றேன்.

என் வீட்டுக்காரர் டிரையருக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நான் சண்டை போடும்போதெல்லாம் இவருக்கு உள்ளேதான் வேலை இருக்கும்.

மழை விடுகிற மாதிரி தெரியவில்லை.

நவம்பர் 8

பள்ளிக்கூட வகுப்பறை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கைப்பையில் கிடந்ததால் இந்த நோட்டு பிழைத்தது.

ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டது.

வேறு எப்படி எழுத? கதவைத் திறந்தால் தெருவைக் காணோம். தண்ணீர், தண்ணீர், அதில் யார் வீட்டு நாற்காலியோ போகிறது. இவர் தன் அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டார். அத்தை இவர் கழுத்தைப் பிடித்த பிடியில் இவருக்கு மூச்சே முட்டியது. இரண்டு பேர் போனும் தண்ணீரோடு போயிற்று. நான் எதை எடுத்தேன்? இஸ்திரிப் பெட்டியை! வீட்டுப் பத்திரம் இல்லை, நகை இல்லை, இஸ்திரிப் பெட்டி. பாதி வழியில் கை வலித்தபோதுதான் எதைச் சுமந்துகொண்டு நடக்கிறேன் என்றே பார்த்தேன்.

நவம்பர் 9

எழுத வரவில்லை.

நவம்பர் 11

தண்ணீர் வடிந்திருக்கிறது. போய்ப் பார்த்தோம்.

முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவே இல்லை. ஷட்டர் பிய்ந்து தொங்குகிறது. சுவர் முழுக்க இடுப்பளவில் ஒரு கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. கோட்டுக்குக் கீழே எல்லாம் சேறு. அத்தையின் கட்டில் மிதந்து வந்து வாஷிங் மிஷின்மேல் ஏறிக் கிடந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை. “இது நம்ம வீடுதானா?” என்று இவரிடம் கேட்டேன். நிஜமாகத்தான் கேட்டேன்.

புகார்ப்பெட்டி எங்களுக்கு முன்பே வந்திருந்தார். அவர் கடையில் ஒரு கண்ணாடிகூட முழுசாக இல்லை. என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். திட்டக்கூட இருவருக்கும் தெம்பில்லை.

நவம்பர் 13

நிவாரண அலுவலகத்தில் நாள் முழுக்க வரிசை. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தவர்களுக்கு உதவித்தொகை. கடைக்காரர்களுக்குப் பொருள் வாங்க வட்டியில்லாத கடன். எங்களுக்கு இரண்டுமே கிடைக்குமாம். கணக்கெடுக்கிறவர் பார்த்து எழுதிவிட்டால் போதும், நாளை எங்கள் தெருவுக்கு வருகிறார். பணம் வந்தால் கடை திறக்கலாம். வராவிட்டால் இத்தனை வருட உழைப்புக்கு மங்களம்தான். கால் கடுத்து, கடைசியில் அலுவலகக் கதவிலேயே சாய்ந்து நின்றேன்.

திரும்பி வந்தால், வாசலிலேயே நின்றுவிட்டேன். தரை பளபளக்கிறது! ஊறிப்போன கட்டில், மெத்தை, அலமாரி எல்லாவற்றையும் குப்பை லாரியில் ஏற்றிவிட்டு, இவரும் அத்தையும் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ஆயில் பெயிண்ட் சுவர்தானே, தேய்த்த தேய்ப்பில் கோடு போயே போய்விட்டது. மிஷின் இரண்டும் மினுமினு. ஷட்டரைத் தட்டி நிமிர்த்தி மாட்டி, கதவில்லாத நடு வாசலுக்குத் திரையும் போட்டிருக்கிறார்கள்.

“நாளைக்கு ஆபீஸ்லேருந்து ஆள் வராங்கன்னு தெருவுல பேசிக்கிறாங்க. சேத்துலயா நிக்க வெக்கிறது? சலவைக்கடைன்னா ஒரு மரியாதை வேணாம்?” என்றார் அத்தை. கை இரண்டும் மருந்தில் வெந்திருந்தன.

அப்போதுதான் அழுதேன். சந்தோஷத்தில். மூலையில் ஒரு சாண் கோடு மிச்சம் இருந்தது. கறையைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? பிரஷ்ஷை வாங்கி அதையும் நானே தேய்த்து எடுத்தேன்.

நவம்பர் 14

அய்யோ.

கணக்கெடுக்க வந்தது ஒரு சின்னப் பெண். கையில் டேப்லெட். உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்தாள், அவ்வளவு சுத்தம்.

“தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?”

இடுப்பில் கை வைத்துக் காட்டினேன்.

“கோடு எங்கக்கா?”

“துடைச்சிட்டோம்.”

“கட்டில், பீரோ?”

“லாரியில போயிடுச்சு.”

“மிஷின் ஓடலையா?”

“கரண்ட் வந்தாத்தானேம்மா தெரியும். மெக்கானிக்கும் கிடைக்கல.”

“சுத்தம் பண்றதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ?”

நான் இவரைப் பார்த்தேன், இவர் தரையைப் பார்த்தார். அந்தப் பாழாய்ப்போன தரை!

“நான் பாக்கறதத்தான் எழுத முடியும்க்கா. நாங்க வர்றவரைக்கும் எதையும் தொடாதீங்கன்னு ஆபீஸ் கதவுலயே பெருசா ஒட்டியிருக்கே, பாக்கலையா?”

கதவில். நேத்து நான் சாய்ஞ்சு நின்ன கதவு. என் முதுகுக்குப் பின்னாடியே இருந்திருக்கு, என் முதுகுக்குப் பின்னாடியே!

‘சேதம் காணப்படவில்லை.’ வீட்டுக்கும் அதுதான், கடைக்கும் அதுதான். பழைய படம் ஏதாவது கிடைத்தால் இந்த மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாமாம். படத்துக்கு எங்கே போவேன்? வாய் வார்த்தை செல்லாதாம்.

அவள் போனதும் கத்தினேன். இவரை, அத்தையை, சுவரை. என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன்.

நவம்பர் 15

அத்தை சாப்பிடவில்லை. “நான்தான் கெடுத்தேன்” என்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

நவம்பர் 18

நம்ப முடியவில்லை.

காலையில் புகார்ப்பெட்டி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவர் போனும் அவரைப்போலவே எதற்கும் அசையாத ஜாதி போல, வெள்ளத்தில் பிழைத்திருக்கிறது.

“தண்ணி வடிஞ்ச அன்னிக்குக் காலையில எடுத்தேன். உன் குழாயாலதான் சந்து அடைச்சுக்கிச்சுன்னு உன்மேல புகார் குடுக்கறதுக்கு. உன் மாமியார் அழறது சுவர் தாண்டிக் கேக்குது. ராத்திரி தூக்கமில்ல. இதப் பாரு.”

பார்த்தேன். பிய்ந்த ஷட்டர், சுவரில் கோடு, சேற்றில் புதைந்த மிஷின், அதன்மேல் அத்தையின் கட்டில். ஓரத்தில் எங்கள் குழாய். தேதி, நேரம் எல்லாம் இருந்தது. ஒன்றல்ல, வரிசையாகப் படங்கள். இந்த மனுஷனை நான் என்னென்ன பேசியிருக்கிறேன்!

அலுவலகத்துக்கும் அவரே கூட வந்தார். எங்களுக்குப் பேசவே இடமில்லை. இத்தனை வருடப் புகார்ப் பழக்கம், ஜன்னலில் இருந்தவர் திணறிப்போனார். கணக்கெடுத்த பெண் வந்து ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். “இதே வீடாக்கா?” என்றாள். பிறகு திருத்தி எழுதினாள்.

வெளியே வந்ததும் அவர் சொன்னார்: “குழாய்ப் புகார் அப்படியேதான் இருக்கு. அத வாபஸ் வாங்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

டிசம்பர் 12

வீட்டுத் தொகை வந்துவிட்டது. கடைக் கடனும் பாஸ் ஆகிவிட்டது. அத்தை இப்போதெல்லாம் ஒரு தம்ளரைக் கழுவுவதற்கும் என்னைக் கேட்கிறார்.

ஜனவரி 7

இவர் டிரையரை முதலில் வாங்கலாம் என்றார். நான் பிளம்பரை முதலில் கூப்பிட்டேன். குழாய் இப்போது நேராகத் தெருச் சாக்கடைக்குப் போகிறது. புகார்ப்பெட்டி வந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார், ஒரு சொட்டாவது விழாதா என்று. விழவில்லை. முகம் சுருங்கிவிட்டது, பாவம்.

“உள்ளயும் வந்து ரெண்டு எடுங்கண்ணே” என்றேன். “புது மிஷின் வந்திருக்கு.”

“உன் மூஞ்சியையும் சேத்தா?”

“சேத்துத்தான்.”

இவர், நான், நடுவில் அத்தை. மூன்று பேரும் மிஷினுக்கு முன்னால் நின்றோம். அவர் போனைத் தூக்கும்போது அத்தை சட்டென்று திரும்பினார். பின்னால் சுவரில் யாருடைய கைத்தடமோ அழுக்காக இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் பக்கம் போன கை பாதியில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார்.

“தொடைக்கலாமா?”

“தொடைங்கத்தை” என்றேன். “நல்லா அழுத்தித் தொடைங்க.”