ஒரு வாய்த் தண்ணீர்

ஜனவரி 9

மாடியில் குடியிருப்பவருக்கு,

வணக்கம். நேரில் பேச ஆரம்பித்தால் பேச்சு எங்கேயோ போய் முடியும். அதனால் எழுதி, படிக்கட்டுக் கைப்பிடியில் தொங்கும் துணிப்பையில் போடுகிறேன். பதிலையும் அதிலேயே போடுங்கள்.

ஒரு வாரமாக விடிவதற்கு முன்பே என் தலைக்கு மேல் தொம் தொம் என்று எதுவோ விழுகிறது. கூடத்து விளக்கு ஆடுகிறது. விவாகரத்துக் காகிதத்தில் நீங்களும் என் மகளும் கையெழுத்துப் போட்ட அன்று, வேறு இடம் கிடைக்கும்வரை மாடியிலேயே இருந்துகொள்கிறேன் என்றீர்கள். சரி என்றேன். இந்த இடி முழக்கத்தைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.

என்னதான் செய்கிறீர்கள்? மனசு சரியில்லை என்றால் சொல்லுங்கள், டாக்டர் இருக்கிறார்.

இப்படிக்கு,
கீழ் வீடு


ஜனவரி 10

அன்புள்ள அத்தைக்கு,

வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பத்து வருடப் பழக்கம், மன்னியுங்கள்.

அது கூடைப்பந்து. இரண்டு. ஏப்ரலில் நடக்கும் மாரத்தானில் இரண்டு கையிலும் பந்து தட்டிக்கொண்டே ஓடப் போகிறேன். நடத்துகிறவர்கள் அனுமதி தந்துவிட்டார்கள். ஒரு நிபந்தனை உண்டு. பந்து கையை விட்டு ஓடினால், எடுத்துக்கொண்டு விட்ட இடத்துக்கே திரும்பி வந்து, அங்கிருந்துதான் மறுபடி ஓட வேண்டும்.

வெளியூருக்குப் போன உங்கள் மகளின் சாமான்களைக் கட்டிக் கொடுத்தபோது பரணில் என் கல்லூரிப் பந்து கிடைத்தது. அதைத் தட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தேன். ஒரு பந்து என்றால் நினைப்புக்கு இடம் இருக்கிறது. அவள் போனதையே நினைத்துக்கொண்டு ஓடுகிறேன். இரண்டாவது பந்து வாங்கியதும் அதற்கு நேரமில்லாமல் போய்விட்டது. டாக்டரைவிட மலிவு.

நாளை முதல் கீழே மெத்தை விரித்துத் தட்டுகிறேன். ஏப்ரல் முடிவதற்குள் காலி செய்துவிடுவேன்.

தங்கள்,
மாடி வீட்டுக்காரன்


ஜனவரி 22

மாடி வீட்டுக்கு,

மெத்தை விரித்து ஒரு பிரயோஜனமும் இல்லை. முன்பு இடித்தது, இப்போது முனகுகிறது. எடுத்துவிடுங்கள்.

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்கள் இடது பந்து பிந்துகிறது. வலது விழுந்து, இடது விழுவதற்குள் ஒரு தடுமாற்றம். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தவள் நான். லைனில் ஒரு கரகரப்பு வந்தாலே எனக்குத் தூக்கம் வராது. எல்லாரும் வலது கையில் ஆரம்பிப்பார்கள், நீங்கள் இடது கையில் ஆரம்பித்துப் பாருங்கள். வலது தானாகப் பின்னாலேயே வரும்.

எதிர்வீட்டு அம்மா, "உங்க மாப்பிள்ளைக்கு என்னாச்சு, தெருவுல ரெண்டு பந்தை வெச்சுக்கிட்டு ஓடறாரே"ன்னு கேட்டாள். "உடற்பயிற்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மாப்பிள்ளை இல்லை என்று திருத்தியிருக்க வேண்டும். வாயில் வரவில்லை.

கீழ் வீடு


பிப்ரவரி 15

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சொன்னது சரி. இடது கையில் ஆரம்பித்ததிலிருந்து பந்து சொன்னபடி கேட்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும்போதுகூட என் இடது கை தாளம் போடுகிறதாம், முதலாளி முறைக்கிறார்.

தெருவில்தான் பாடு. ஒரு பந்து பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டது. பஸ் நகரும்வரை காத்திருந்து, எடுத்து, விட்ட இடத்துக்கு வந்து ஓடினேன். டிரைவர் எட்டிப் பார்த்து, "சார், ஒண்ணை வெச்சே ஒழுங்கா ஓட முடியல, ரெண்டு எதுக்கு?" என்றார். நியாயமான கேள்வி.

ஊரின் மறுகோடியில் ஓர் அறை பார்த்திருக்கிறேன். சிமெண்டுத் தரை, கீழே யாரும் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் தட்டலாம்.

அவள் நலமா? கேட்கக்கூடாது என்றால் பதில் வேண்டாம்.

தங்கள்,
மாடி வீட்டுக்காரன்


மார்ச் 3

மாடி வீட்டுக்கு,

அந்த அறைக்கு ஜன்னல் இருக்கிறதா? அதை முதலில் பாருங்கள்.

நலமாக இருக்கிறாள். இந்த ஊருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வருகிறாள். மாடியில் இருக்கப் போகிறாள். "அவர் நல்லவர்தாம்மா. ஆனா அவர் வீட்ல இருந்தாலும் இல்லாத மாதிரியே இருக்கும். இன்னும் ஏன் அவரை அங்கே வெச்சிருக்கே?"ன்னு கேட்டாள். பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால் வருகிறாள். அதற்குள் நீங்கள் போய்விட வேண்டும். என் மகளை நான் விட்டுக்கொடுக்க முடியாது, அது உங்களுக்கே தெரியும். எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

நேற்று உங்கள் பந்து ஒன்று படியில் உருண்டு என் வாசலுக்கு வந்தது. பழையது, நிறம் போனது. திருப்பி வைக்கலாம் என்று எடுத்தவள், கதவைச் சாத்திக்கொண்டு நாலு தட்டு தட்டிப் பார்த்தேன். மூன்றாவது தட்டில் சோபாவுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து எடுக்க முடியவில்லை. வீட்டு வேலைக்கு ஆள் வந்ததும் எடுத்துத் தருகிறேன்.

கீழ் வீடு


மார்ச் 24

அன்புள்ள அத்தைக்கு,

நாளை காலி செய்கிறேன். ஜன்னல் இருக்கிறது. சாவி இந்தப் பையிலேயே இருக்கும். சோபாவுக்கு அடியில் இருப்பது கல்லூரிப் பந்து, அது அங்கேயே இருக்கட்டும். புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன்.

அவள் சொன்னது உண்மைதான். நான் மறுக்கவில்லை.

ஒரு உதவி கேட்க வேண்டும். வழியெல்லாம் தண்ணீர் வைத்திருப்பார்கள், ஆனால் எனக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும். யாராவது கூடவே நாலடி நடந்து வாயில் ஊற்றினால்தான் உண்டு. கடை முதலாளி வருகிறேன் என்றார், இப்போது வெளியூர்க் கல்யாணம் என்கிறார். என் பக்கத்தில் யாரும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா போன பிறகு எனக்கு இருந்தது இந்த ஒரு வீடுதான். பெரிய பூங்கா வாசலில், வெயில் ஏறிய பிறகு, ஒரு தடவை வந்தால் போதும். வர முடியாவிட்டால் புரிந்துகொள்வேன்.

புது முகவரி பின்பக்கத்தில்.

தங்கள்,
இனி மாடி வீட்டுக்காரன் இல்லை


ஏப்ரல் 16

அன்புள்ள அத்தைக்கு,

உங்களிடமிருந்து பதில் வராததால் யாரும் வர மாட்டார்கள் என்றே நினைத்து ஓடினேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பூங்கா வாசலில் குடையும் பாட்டிலுமாக உங்களைப் பார்த்ததும் கை தடுமாறி, வலது பந்து நேராக உங்கள் காலடிக்கே வந்துவிட்டது. எடுத்துக் கொடுத்தீர்கள். "பின்னாடி போங்க, அந்தக் கம்பத்துக்கிட்டதான் விட்டீங்க" என்றீர்கள். நாலு மாதத்தில் நேரில் நீங்கள் பேசிய முதல் வார்த்தை அது. போனேன். திரும்பி வந்தபோது தண்ணீர் ஊற்றினீர்கள். பாதி சட்டையில் போனது. பரவாயில்லை.

ஓடி முடித்தேன். கடைசி ஆள் நான்தான். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். ஓடும் பாதை ஓரமாகக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி நீங்கள் உள்ளே வந்தபோது சட்டையில் அட்டை குத்திய ஒருவர் தடுத்தார். நீங்கள் ஏதோ சொன்னதும் வழிவிட்டார். என்ன சொன்னீர்கள்?

தங்கள்,
நான்


ஏப்ரல் 21

மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. கால் வலி குறைந்ததா? வெந்நீரில் வையுங்கள், சோம்பல் படாதீர்கள்.

பதில் எழுதாததற்குக் காரணம், வருவேனா என்று எனக்கே தெரியாது. அன்று காலை பாட்டிலை நிரப்பும்போது மகள் வந்து நின்று, "எங்கேம்மா கிளம்பிட்டே?" என்றாள். சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "அவர் உனக்கு யாரும்மா இப்போ?" என்றாள். "நீ வேண்டாம்னது உன் இஷ்டம், நான் ஒரு வார்த்தை கேட்கல. எனக்கு அவர் யாருன்னு நான் சொல்லிக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். அவளிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அவர் ஓடி முடிச்சாரா?" என்று மட்டும் கேட்டாள். முடித்தார் என்றேன்.

கயிற்றுக்குள் விடாமல் தடுத்தவர், "அம்மா, சொந்தக்காரங்க மட்டும்தான் உள்ள வரலாம். நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். வீட்டில் வீறாப்பாகப் பேசிவிட்டு வந்தவள், அங்கே குடையை ஒருமுறை மடக்கி விரித்தேன். பிறகு, "அவர் என் மாப்பிள்ளை, தண்ணி குடுக்கணும், தள்ளுங்க" என்றேன். தள்ளினார்.

மாடியில் இப்போது சத்தமே இல்லை. அவள் மெதுவாக நடக்கிறவள். எனக்கு விடிகாலையில் விழிப்பு வந்துவிடுகிறது, விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

பந்து இன்னும் சோபாவுக்கு அடியில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து எடுத்துக் கொடுங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அவளுக்கு அன்று வேலை, இருக்க மாட்டாள். இருந்தாலும் வாருங்கள்.

உங்கள்,
அத்தை